ஒன்றரை நிமிடக் கறி

பிப்ரவரி 12, திங்கள்

இந்த நோட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற நிலோஃபர் மேடம், என் வீட்டுக்காரர் சூசைநாதன் தினமும் என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறது. "வேற எதுவும் வேணாம்மா. உள்ள போனது மட்டும் எழுதுங்க." சரி, எழுதுகிறேன்.

காலை 7: குழாயில் ராகிக் கஞ்சி, 200 மில்லி. 10: குழாயில் மோர், 150. மதியம் 1: குழாயில் பருப்புத் தண்ணீர், 200. 4: குழாயில் பால், 150. இரவு 8: மறுபடி கஞ்சி, 200. வாய் வழியாக: தண்ணீர் இரண்டு ஸ்பூன்.

எழுதி முடித்தால் முக்கால் பக்கம் காலியாகக் கிடக்கிறது. வீணாக விட எனக்கு மனசு வராது. ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். ஒரு விரல் அகலத் துணி மிஞ்சினாலும் அதில் பட்டி வைக்கப் பார்ப்பேன். அதனால் மிச்ச இடத்தில் என் பாட்டுக்கு எழுதுகிறேன். மேடம் படித்தால் படிக்கட்டும்.

இவர் தொண்டையில் கட்டி வந்தது. முப்பத்தைந்து நாள் கரண்ட், அதுதான் கதிர் வைத்தியம், வைத்தார்கள். டிசம்பரில் முடிந்தது. கட்டி கரைந்துவிட்டது என்று படம் எடுத்துக் காட்டினார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அது போகும்போது எச்சிலையும் நாக்கு ருசியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எழுபத்தொரு கிலோ மனுஷன் இப்போது நாற்பத்தெட்டு. மூக்கில் ஒரு குழாய், கன்னத்தில் அதை ஒட்டின பிளாஸ்திரி.

டாக்டர் தேதி வைத்துவிட்டார். மார்ச் 25. அதற்குள் வாயால் சாப்பிடப் பழகினால் குழாயை எடுத்துவிடலாம். இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டு நேராக அங்கே ஒரு குழாய். இவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டார், அந்தக் கரகரத்த குரலில்: "வயித்துல ஓட்ட போடறதுன்னா இதோட விட்டுரு அமலு. நான் வரமாட்டேன்." துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டின ஆள். ஒன்று சொன்னால் சொன்னதுதான். அதுதான் எனக்குப் பயம்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

குழாயில் எல்லாம் முந்தாநாள் மாதிரியே. வாய் வழியாக: இளநீர் மூன்று ஸ்பூன்.

கோவிலில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். இன்றிலிருந்து ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. சட்டப்படி பார்த்தால் வெள்ளிக்கிழமை தவிர்த்தால் போதும். எங்கள் வீட்டு வழக்கம் தவக்காலம் முழுக்க. கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு வருஷமும் தப்பினதில்லை. இவருக்கு மட்டும் சாமியார் விலக்குக் கொடுத்துவிட்டார். "நோயாளிக்கு ஒருசந்தி நோம்பு இல்ல சூசை. எது எறங்குதோ அதச் சாப்பிடுங்க" என்றார். எது இறங்குகிறது சாமி, எதுவுமே இறங்கவில்லையே என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 19, திங்கள்

வாய் வழியாக: குழைத்த இட்லி, கால் இட்லிகூட இல்லை. பாதியைத் துப்பிவிட்டார். "ஈர மண்ணு" என்றார்.

இந்த மனுஷன் நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சத்தத்தை நிறுத்திவிட்டு, மூஞ்சிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு. நியூஸ் பார்க்கிறாராக்கும் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சமையல். உலகத்தில் உள்ள அத்தனை அடுப்பும் அந்தப் போனுக்குள் எரிகிறது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஒரு பருக்கை வாய்ல போவ மாட்டேங்குது. கண்ணால தின்னா ரொம்பிடுமா?"

அவர் கோபப்படவில்லை. போனை என் பக்கம் திருப்பினார். சீனாக்காரியோ என்னவோ, ஒரு பெண், புகையப் புகைய இரும்புச் சட்டி. மெல்லிசு மெல்லிசாக மாட்டுக்கறியைப் போட்டாள், புரட்டினாள், எடுத்தாள். இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், நூடுல்ஸ், ஒரு கறுப்புச் சாஸ். எல்லாம் சேர்த்து ஒரு புரட்டு. தட்டில் பளபளவென்று கிடந்தது.

"இது எறங்கும்" என்றார். தொண்டையில் விரலை வைத்துக் காட்டினார். "வழவழன்னு கீது பார். எறங்கும்."

இரண்டு மாதத்தில் இந்த மனுஷன் தானாக ஒன்று கேட்டது இன்றைக்குத்தான்.

பிப்ரவரி 24, சனி

வாய் வழியாக: அவித்த முட்டையின் மஞ்சள், ஒரு ஸ்பூன்.

கறியைப் பற்றி யோசிக்கிறேன். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி என்றால் ஏழு விசில். என் அம்மா எட்டு வைப்பாள். மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவி, இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு, ஏழு விசில் விட்டு, பிறகு குழம்பு. அந்த வீடியோக்காரி ஒன்றரை நிமிடத்தில் எடுத்துவிட்டாள். நான் போனில் மணி பார்த்தேனே. பச்சைக் கறியைத் தின்னுகிற ஜாதியோ என்னவோ. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

என் சாப்பாட்டை இதில் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், குழம்பு தாளிப்பதை நிறுத்திவிட்டேன். கறிவேப்பிலை வாசனை ஹாலுக்குப் போனால் அவர் மூஞ்சி ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. ரசம் போதும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு வாய் போட்டுக்கொண்டால் ஆயிற்று. கேட்டால் "சாப்ட்டாச்சு" என்பேன். பொய்யில்லை, சாப்பிட்டாச்சுதான்.

என் பச்சை ஜாக்கெட்டை இன்று மறுபடி உள்ளே தையல் போட்டுப் பிடித்தேன். இந்தக் கடைத் துணியே இப்படித்தான், நாலு தடவை துவைத்தால் தளர்ந்துவிடுகிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

வாய் வழியாக: ஒன்றுமில்லை. எடை 47.6.

மார்ச் 2, சனி

முபாரக் பாய் கடைக்குப் போனேன். புளியந்தோப்பில் இவர் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் கறி அவர் கடைதான். எலும்பில்லாமல் கால் கிலோ, ரிப்பன் மாதிரி மெல்லிசா வெட்டித் தாங்க என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாக்கா, ஊறுகா போடறியா?"

"நூடுல்ஸ் பண்ணப் போறேன் பாய். ஒன்றர நிமிசத்துல வெந்துருமாம்."

"மாட்டுக்கறியா?" கடையில் நின்றவர்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். "கேட்டுக்கங்கப்பா. ஒன்றர நிமிசமாம்." பிறகு குரலை இறக்கினார். "சூசைண்ணனுக்கா? எடுத்துக்கினு போக்கா. நல்லா எறங்கட்டும்."

வீட்டுக்கு வந்து வழக்கம்போல மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவினேன். சட்டியில் போட்டால் கறி ஒரே தண்ணீராக விட்டுக்கொண்டு, துணி அலசின தண்ணீர் மாதிரி கொதித்தது. ஒன்றரை நிமிடம் ஆனது. எனக்குக் கை கூசியது. கரண்ட் வைத்த தொண்டைக்குப் பச்சைக் கறியைக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? அவர் ஹாலில் இருந்தார். நான் சத்தமில்லாமல் அந்தக் கறியை எடுத்துக் குக்கரில் போட்டேன். ஆனால் குக்கர் சத்தமில்லாமல் இருக்குமா. முதல் விசிலுக்கே ஹாலிலிருந்து இருமல் சத்தம் வந்தது. ஏழு விசிலும் விட்டேன்.

தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். கறி நாராய்ப் பிரிந்து நூடுல்ஸோடு சிக்கிக் கிடந்தது. அவர் பார்த்தார்.

"நான் கேட்டது இது இல்ல."

"மொதல்ல வாய்ல வைங்க, அப்பறம் பேசலாம்."

வைத்தார். அந்த நார் தொண்டையில் போய் மாட்டிக்கொண்டது. மேலேயும் வராமல் கீழேயும் போகாமல். மூஞ்சி கறுத்துவிட்டது. முதுகில் அடித்தேன், குனிய வைத்தேன், மாதாவே மாதாவே என்று கத்தினேன். கடைசியில் வந்தது, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு நூல். அதற்குப் பிறகு அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் தட்டைக் கழுவினேன்.

மார்ச் 3, ஞாயிறு

வாய் வழியாக: இல்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

மார்ச் 4, திங்கள்

இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

இல்லை. நிலோஃபர் மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். திட்டப்போகிறது என்று நினைத்தால், "குக்கர்ல போடாம, அவர் சொன்ன மாதிரியே செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்மா. நார் குறுக்கே வெட்டி, மெல்லிசா இருந்தா வெந்துரும். வெந்தது தெரியும் உங்களுக்கு, செவப்பு போயிடும்" என்றது. இருபத்தைந்து வயசுப் பெண். முப்பது வருஷமாகக் கறி ஆக்குகிற எனக்குச் சொல்கிறது. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இவரை நான்தான் மூச்சடைக்க வைத்தேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மார்ச் 9, சனி

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

காலையிலேயே கறி வாங்கி வந்து, முழுத் துண்டாக ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வைத்தேன். கத்தியையும் பலகையையும் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். "நீங்க சொல்லுங்க, நான் வெட்டறேன். ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டேன்." இது எனக்கு எவ்வளவு பெரிய வாக்கு என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருக்கிறாரோ தெரியாது, போனைத் தொடாமலே எல்லாம் சொன்னார். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிக் காட்டினார். அதற்குக் குறுக்கே கத்தியை வை. சாய்த்துப் பிடி. இன்னும் மெல்லிசு. இன்னும். துணிக்கு ஓட்டம் பார்த்து வெட்டுகிறவள் நான், குறுக்கே வெட்டினால் துணி இழுபடும், நேரே வெட்டினால் இழுபடாது என்று ஊருக்கே சொல்கிறவள். கறிக்கும் ஓட்டம் உண்டு என்று எனக்கு இத்தனை வயசில்தான் தெரிந்தது. பாதி உறைந்த கறி வெற்றிலை மாதிரி மெல்லிசாக வந்தது.

கழுவக் கூடாது, துணியால் ஒற்றி எடு. ஒற்றினேன். சோள மாவு ஒரு ஸ்பூன், சோயா சாஸ் ஒரு ஸ்பூன், நல்லெண்ணெய் கொஞ்சம், ஆப்பத்துக்குப் போடுகிற சோடா உப்பு நுனி விரலில் ஒரு துளி. பிசைந்து கால் மணி நேரம். நூடுல்ஸைத் தனியாக அவித்து, ஒட்டாமல் எண்ணெய் புரட்டி வைத்தேன். மிளகாய் கூடாது, மிளகு கூடாது, அவர் வாய் தாங்காது. சாஸில் உப்பு இருக்கிறது என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் வழக்கமான கை உப்பு போட்டேன். ருசி பார்க்க முடியாது, எனக்குத் தவக்காலம். அவருக்கோ நாக்கே இல்லை. ருசி பார்க்க ஆளில்லாத ஒரு சமையல் உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும்.

நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். சட்டி புகையட்டும் என்றார். புகைந்தது. இன்னும் என்றார். எனக்குப் பயமாக இருந்தது. பிறகு கையைக் காட்டினார். போட்டேன்.

சுர்ரென்று ஒரு சத்தம். "தொடாத" என்றார். நான் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் எதிரே கறியின் ஓரமெல்லாம் நிறம் மாறிக்கொண்டு வந்தது, சிவப்பு நடுவே சுருங்கிச் சுருங்கி. "இப்ப பொரட்டு." புரட்டினேன். அடிப்பக்கம் தேன் நிறமாகியிருந்தது. எண்ணி முப்பது. "எட்த்துடு."

ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தேன். வெந்திருந்தது. கர்த்தரே, வெந்திருந்தது. விரலுக்கு நடுவில் நழுவியது, அவ்வளவு மெதுவு. நான் எத்தனை கிலோ கறியை இந்தக் கையால் ஆக்கியிருப்பேன், எத்தனை சிலிண்டர் எரித்திருப்பேன். மாட்டுக்கறி ஒன்றரை நிமிடத்தில் வெந்து பூவாக இருக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பேன். அடுப்பின் முன்னால் அப்படியே மலைத்துப் போய் நின்றுவிட்டேன். அவர்தான் "இஞ்சி, இஞ்சி" என்று நாற்காலியைத் தட்டினார்.

இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், நூடுல்ஸ், திரும்பவும் கறி, மேலே சாஸும் கொஞ்சம் தண்ணீரும். ஒரு புரட்டு. முடிந்தது.

ஒரு சின்னத் துண்டைக் கறுப்பு நூடுல்ஸ் ஒன்றோடு சேர்த்து வாயில் வைத்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் கையைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தொண்டை முழி மேலே ஏறியது, அங்கேயே நின்றது, இறங்கியது.

வாயைத் திறந்து காட்டினார், குழந்தை மாத்திரை விழுங்கிவிட்டுக் காட்டுகிற மாதிரி. உள்ளே ஒன்றுமில்லை.

"எப்டி கீது?"

"ஒண்ணும் தெரில. ஆனா எறங்கிச்சு."

மதியம் 12.30, வாய் வழியாக: மாட்டுக்கறி ஏழு துண்டு, நூடுல்ஸ் ஒரு கைப்பிடி. நேரம் நாற்பது நிமிடம். நிலோஃபர் மேடம், தயவுசெய்து ஏழு என்பதை இரண்டு தடவை படிக்கவும்.

மார்ச் 11, திங்கள்

வாய் வழியாக: கறி பத்துத் துண்டு, நூடுல்ஸ் அரைக் கிண்ணம்.

அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்கு வேலையாகிவிட்டது. தொண்டை முழி ஏறி இறங்குவதில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்கலாம். எல்லாம் இருக்கிறது. ஒரு வாய் சோறு உள்ளே போக உடம்புக்குள் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மார்ச் 14, வியாழன்

வாய் வழியாக: கறி நூடுல்ஸ் ஒரு கிண்ணம். முட்டை ஒன்று. எடை 48.3.

பாய் கடையில் ரம்ஜான் நோன்பு ஆரம்பித்துவிட்டது. தொண்டை வறண்டு கறி வெட்டிக்கொண்டிருந்தார். "நீயும் நோம்பு, நானும் நோம்பு. நீயும் நானும் ஒரே மாட்ட வெச்சுக்கினு வாயத் தொறக்காம கீறோம்" என்றார். கறியை அவரே நார் பார்த்துக் குறுக்கே வெட்டித் தந்தார். அவர் வீட்டிலும் இஃப்தாருக்கு ஒன்றரை நிமிடக் கறியாம். சிரிப்பாய்ச் சிரித்த ஆள்.

மார்ச் 15, வெள்ளி

வெள்ளி. கறி வேண்டாம், முட்டை போதும் என்று அவரே சொன்னார். முட்டை நூடுல்ஸ் ஒரு கிண்ணம்.

"நீ சாப்ட்டியா?" என்றார்.

"சாப்ட்டாச்சு."

பேனா கேட்டார், கொடுத்தேன். குறுக்கெழுத்துப் போடுவார்போல.

மார்ச் 20, புதன்

மதியம் ஐந்தாவது வாயில் மெல்லுவதை நிறுத்திவிட்டார். மாட்டிக்கொண்டதோ என்று எழுந்தேன். கையை அமர்த்தினார். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரிக்குது" என்றார்.

"இன்னாது?"

"உப்பு. உப்பு கரிக்குது அமலு. வாய்ல வெக்க முடில."

எனக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. சாஸிலும் உப்பு, என் கை உப்பும் உப்பு. ஒன்பதாம் தேதியிலிருந்து இந்த மனுஷன் கடல் தண்ணீரில் புரட்டின கறியைச் சாப்பிட்டிருக்கிறார், எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிந்துவிட்டது.

ஓடிப்போய் அஞ்சறைப் பெட்டியையும் டப்பாக்களையும் தூக்கிக்கொண்டு வந்தேன். கல் உப்பு ஒன்றை நாக்கில் வைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். தெரியுது. சர்க்கரை வைத்தேன். "மணல்." காப்பித் தூள். "மண்." வெல்லம். இல்லை. சீரகம். இல்லை. புளி ஒரு துணுக்கு வைத்தேன். உடம்பே ஒரு தடவை சிலிர்த்தது. வாய் ஓரத்தில் ஈரம் கசிந்தது. எச்சில். மூன்று மாதமாகப் பஞ்சு வைத்து நான் நனைத்துக்கொண்டிருந்த வாயில், தானாக, எச்சில். அதை விரலால் துடைத்துப் பார்த்தேன். எனக்கு அருவருப்பே வரவில்லை. தீர்த்தத்தைத் தொட்ட மாதிரி இருந்தது.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். பிறகு அவர், "இருவத்தெட்டு வருசமா சொல்றேன், ஒனக்குக் கை உப்பு ஜாஸ்தி" என்றார். என் வாழ்நாளில் யாரும் என் சமையலை இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை.

வாய் வழியாக: கறி நூடுல்ஸ், பாதியில் நிறுத்தம். காரணம்: உப்பு அதிகம்.

மார்ச் 25, திங்கள்

எடை 50.1. டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். விழுங்கச் சொல்லிப் பார்த்தார். "எடுத்துடலாம்" என்று ஒரே வார்த்தை. நர்ஸ் பிளாஸ்திரியை உரித்துக் குழாயை இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. இத்தனை நீளம் இவருக்குள்ளே இருந்ததா என்று இருந்தது. முடிந்ததும் மூன்று தும்மல் போட்டார். மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒன்றுமில்லாத மூக்கோடு அவரைப் பார்த்ததும் கல்யாணத்தன்று பார்த்த மாதிரி எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு நிலோஃபர் மேடம் அறை. நோட்டைப் புரட்டி, மார்ச் 9 வந்ததும் சிரித்தது. சத்தமாகப் படித்தது. ஏழு, ஏழு என்று இரண்டு தடவை சொன்னது. எனக்கு ஒரே கூச்சம். அப்போது இவர் கையை நீட்டி, "மேடம், பின்னால திருப்புங்க" என்றார்.

அந்தப் பெண் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. என்னிடம் நீட்டியது.

இவர் கையெழுத்து. துறைமுகத்தில் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் எழுதுவாரே, அதே மாதிரி, கோடு போட்டு, தேதி, நேரம்.

பிப். 20. காலை: டீ. மதியம்: கதவுக்குப் பின்னால், நின்றுகொண்டு, மூன்று வாய். இரவு: சாப்பிட்டாச்சு என்றாள். பாத்திரம் கழுவின சத்தம் இல்லை.

பிப். 24. பச்சை ஜாக்கெட்டைப் பிடித்தாள். இது மூன்றாவது தடவை.

மார்ச் 4. நான் சாப்பிடாததால் அவளும் சாப்பிடவில்லை. டீ மட்டும்.

மார்ச் 9. நான் ஏழு துண்டு. அவள் ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டாள்.

ஒரு நாள்கூட விடவில்லை. முப்பத்தைந்து நாள்.

எனக்கு வந்ததே கோபம். "இன்னா வேல இது, என்னை வேவு பாக்கறீங்களா" என்றேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. அவர் கத்தவில்லை. "நான் இன்னா பண்ணுவேன் அமலு. சோறு ஊட்ட முடியாது, கேக்கக் குரல் இல்ல. எழுதத்தான் முடிஞ்சுது" என்றார். பிறகு, "எனக்கு எறங்கணும்னு நான் ஏன் அந்தப் பாடு பட்டேன்னு நெனைக்கிற. நான் தின்னாத்தான நீ தின்னுவ" என்றார்.

மேடம் எழுந்து வந்து என்னைத் தோளில் பிடித்து எடை மெஷினில் ஏற்றியது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. 41.8. போன வருஷம் மாதர் சங்க முகாமில் பார்த்தபோது 53 இருந்தேன். மெஷின் சரியில்லை என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அந்த எண்ணைப் பார்த்தேன். நான் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இருபத்தெட்டு வருஷம் கூடவே இருந்தும் இந்த மனுஷனுக்குள் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மார்ச் 27, புதன்

நோட்டு இனி இரண்டு பேருக்கு. மேடம் நடுவில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தது. எனக்குக் கறி ஈஸ்டருக்குத்தான் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். முட்டை, பால், பருப்பு எல்லாம் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். இன்று கறிவேப்பிலை தாளித்துக் குழம்பு வைத்தேன். அவர் மூச்சை நன்றாக இழுத்தார்.

மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

மதியம் 12.40. அவர்: கறி நூடுல்ஸ் ஒரு தட்டு. நான்: ஒன்றரைத் தட்டு.

பூசை முடிந்து வந்ததும் என்னை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டு அவர் அடுப்புப் பக்கம் போனார். இந்த வீட்டில் வெந்நீர்கூட வைக்காத ஆள். எழுந்திரிக்கக் கூடாது என்று விரலைக் காட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், பத்துத் தடவை எழுந்திரிக்கப் பார்த்தேன்.

கிரேன் ஓட்டின கை. கறியை ஒவ்வொன்றாகச் சட்டியில் இறக்கினார், ஒன்றின் மேல் ஒன்று படாமல். தொடாமல் நின்றார். புரட்டினார். வெங்காயத்தாளைத் தப்பும் தவறுமாக வெட்டியிருந்தார், அதையும் போட்டார். எல்லாம் சேர்ந்ததும் ஒரு துண்டை எடுத்து ஊதி, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு சிட்டிகை உப்பு போட்டார். மறுபடி ஒரு துண்டு. மறுபடி கண்ணை மூடினார். அந்த நாக்கை நம்பி அவர் நின்ற நிலையைப் பார்த்து எழுந்திரிக்கவே மறந்துவிட்டேன்.

தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்காராமல் நின்றார். நான் இதைப் பத்துத் தடவைக்கு மேல் ஆக்கியிருக்கிறேன், ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை. வைத்தேன். இஞ்சி முதலில் வந்தது, பிறகு அடுப்புப் புகை, பிறகு கறி. மெல்லவே வேண்டியிருக்கவில்லை. இதையா இத்தனை நாள் என் கையால் ஆக்கினேன் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அவர் பயந்துவிட்டார். குனிந்து என் மூஞ்சியைப் பார்த்தார்.

"அமலு, உப்பு எப்டி கீது? சொல்லு. எனக்குத் தெரிஞ்ச மாதிரி போட்டேன். எப்டி கீது?"

சரியாக இருந்தது.